மேட்டு பங்களாப் படத்துக்கு வைத்த பொட்டு

மேட்டு பங்களாவில் இப்போது ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் ஒட்டியிருக்கிறார்கள். கைபேசியை அதற்கு நேரே பிடித்தால், யார் வரைந்தது, எப்போது வரைந்தது, பெரிய ஐயா அதை எங்கே வாங்கினார் என்று மூன்று மொழியிலும் ஒரு குரல் சொல்கிறது. நல்ல குரல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளும் போன மாதம் என் வீட்டுக்கு வந்து, "படத்தப் பத்தி எல்லாத்தையும் போனே சொல்லிருதும்மா, இனி அறையில நின்னு நாங்க என்னா செய்றது?" என்று கேட்டார்கள். இருபத்தெட்டு வருடம் அந்த அறைகளில் நின்றுவிட்டு ஓய்வு பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சுருக்கென்றது. பிறகு, கேட்டதில் தப்பில்லை, எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

படத்தைப் பற்றிச் சொல்வது ஒருநாளும் என் வேலையாக இருந்ததில்லை. படம் பார்க்க வருகிறவர்களின் கையைப் பார்ப்பதுதான் என் வேலை. அதில் என்னை மிஞ்ச இந்த ஊவா மாகாணத்தில் ஆள் கிடையாது. தற்பெருமை என்பீர்கள், இருக்கட்டும்.

தெரியாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறும் பாதையில், தேயிலை மலைக்கு நடுவே ஒரு மேட்டில் இருக்கிறது அந்த பங்களா. வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது. கடைசித் துரை கப்பல் ஏறியபோது தோட்டத்தோடு சேர்த்து அதை வாங்கியவர் கொழும்பில் வக்கீலாக இருந்த ஒருவர். அவரைத்தான் பெரிய ஐயா என்போம். பிறகு தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, பங்களா மட்டும் அவர் கையில் நின்றது. அவருக்குப் படம் வாங்குகிற பைத்தியம். இந்த நாட்டு ஓவியர்களின் படங்களாகத் தேடித் தேடி வாங்கிச் சுவரெல்லாம் மாட்டினார். ஓவியர்களை வரவழைத்து மாதக்கணக்கில் தங்கவும் வைத்தார். பிள்ளை குட்டி இல்லாதவர். அவர் இறந்த பிறகு ஒரு நிர்வாகக் குழு அமைந்து, ஒரு சாமானையும் இடம் மாற்றாமல் வீட்டை அப்படியே மக்கள் பார்க்கத் திறந்துவிட்டது. சாப்பாட்டு மேசை இருக்கும், அதற்கு மேலே படம். கட்டில் இருக்கும், தலைமாட்டில் படம். குளியலறையில்கூட ஒன்று உண்டு, அது தோணிகளின் படம்.

என் அம்மா அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து பறித்தார். நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, பதுளையில் ஒரு புடவைக் கடையில் பத்து வருடம் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். பங்களாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது, அங்கே பொறுப்பாக இருந்தவர் ஹெலன் மிஸ். பறங்கி வீட்டுப் பெண், பண்டாரவளையில் பிறந்து வளர்ந்தவர், பழைய படங்களைப் பழுதுபார்க்கிற வேலையை முறையாகப் படித்தவர். அவருடைய தமிழ் அவரை வளர்த்த ஆயாவிடம் கற்றது. ஆகவே வாங்க, போங்க எல்லாம் அதில் கிடையாது. மந்திரியே வந்தாலும் "நீ இங்க நில்லு" என்றுதான் சொல்வார். கேட்கிறவர்கள் திகைப்பார்கள், பிறகு சொன்ன இடத்தில் நிற்பார்கள்.

நேர்முகப் பரீட்சை என்று என்னைச் சாப்பாட்டு அறையில் பத்து நிமிடம் தனியே விட்டார். பிறகு பின்பக்கத்துச் சமையல் குசினிக்குக் கூட்டிப் போய், உள்ளே என்ன பார்த்தாய் என்று கேட்டார். படம் ஒன்பது, அதில் ஒன்று கோணல், ஜன்னல் ஓரத்துப் படத்தின் சட்டத்துக்குப் பின்னால் குளவி மண் கொண்டுவந்து அப்புகிறது என்றேன். அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

பழகின காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் நின்றேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். ஒரே ஒரு சண்டை வளையலால் வந்தது. படத்துக்குப் பக்கத்தில் போகிறவர் கையில் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஒன்றும் இருக்கக்கூடாது, சட்டைப் பையில் பேனாகூடக் கூடாது. ஹெலன் மிஸ் பொத்தான் உரசும் என்று பொத்தானே இல்லாத ரவிக்கைதான் போடுவார். எனக்கோ அப்போதுதான் கலியாணம் ஆகியிருந்தது. கண்ணாடி வளையலைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் மாமியார் உள்ளே விடுவாரா? கடைசியில் வளையலை முழங்கை வரை ஏற்றி, மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். மிஸ் அதைத் தொட்டுப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, சத்தம் வரவில்லை என்றதும் சரி என்றார்.

இனி வேலையைச் சொல்கிறேன். காலையில் கதவு திறக்குமுன் எல்லா அறைக்கும் ஒரு சுற்று. ஒவ்வொரு படத்துக்கும் பக்கவாட்டில் நின்று, டோர்ச் வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டிப் படத்தின் மேல் படியவிட வேண்டும். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து அடித்தால் சாயம் எங்கே தூக்கியிருக்கிறது, எங்கே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்குகிறது என்பதெல்லாம் நிழல் போட்டுக் காட்டும். நம் மலையில் பிற்பகலில் மூடுபனி உள்ளே வந்துவிடும், ஆகவே மூன்று மணிக்கு ஜன்னல் எல்லாம் சாத்தியாக வேண்டும். ஈரமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். தூசியை இரண்டு விரல் அகலத் தூரிகையால் மேலிருந்து கீழே தட்ட வேண்டும், ஒருபோதும் துடைக்கக் கூடாது.

ஆட்கள் வந்தபிறகு வேறு கதை. "தொடாதீங்க" என்று சொல்லவே கூடாது என்பது மிஸ்ஸின் சட்டம். சொன்னால் ஆள் வெட்கப்பட்டுப் போவான், வெட்கப்பட்டவன் திரும்ப வரமாட்டான் என்பார். அதற்குப் பதில் இரண்டு எட்டுத் தூரத்திலேயே நிற்க வேண்டும். கை எழும்பினால் சும்மா நடக்கிற மாதிரி நடந்து நடுவே போய் நின்றுவிட வேண்டும். விரலால் சுட்டிக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. பேசாமல் நின்று பார்க்கிறவர்கள்தான் தொடுவார்கள். போட்டோ எடுக்கப் பின்னால் பின்னால் போகிறவரின் முதுகை மறக்கவே கூடாது.

தோட்டத்து ஆட்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இலவசம் என்று மிஸ் கேட்டு வாங்கினார். முதல் தடவை நாங்கள் முன்வாசலில் காத்துக்கொண்டு நின்றோம், ஒருவரையும் காணவில்லை. போய்ப் பார்த்தால் நாற்பது பேர் நல்ல உடுப்பு உடுத்தி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குசினிக் கதவுக்கு வெளியே வரிசையாக நிற்கிறார்கள். பங்களாவுக்கு வேறு வாசல் உண்டு என்பது அவர்கள் நினைப்பிலேயே இல்லை. வாங்க வாங்க என்று கெஞ்சியும் நகரவில்லை. துரை போய் எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனால் எங்கள் கால் அந்த வழியைத்தான் அறியும், என் காலும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த மாதம் நான் ஒரு வேலை செய்தேன். தேத்தண்ணிப் பானையையும் கோப்பைகளையும் தூக்கிக்கொண்டு போய் முன்வாசல் போர்டிகோவில் வைத்தேன். குசினிப் பக்கம் வந்தவர்களிடம், தேத்தண்ணி முன்னால் ஊத்துறாங்க என்றேன். எல்லாரும் முன்னால் வந்தார்கள். மிஸ் அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பது வருடத்துக்கு ஒரு தடவை.

அந்த இலவச ஞாயிறுகளில் ஒன்றில்தான் நான் சொல்ல வந்த காரியம் நடந்தது.

கிழக்கு அறையில் ஒரு படம் உண்டு. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் முகமும் தோளும். தலையில் துணி மடித்துப் போட்டு, அதன் மேல் கூடைக் கயிறு. நேரே பார்க்கிறாள், சிரிக்கவில்லை. பெரிய ஐயாவின் விருந்தாளியாகத் தங்கியிருந்த ஓவியர் ஒருவர் வரைந்தது. மூலையில் கையெழுத்தும் வருடமும் இருந்தன. கீழே அட்டையில் "கொழுந்து பறிக்கும் பெண்" என்று மட்டும் இருந்தது.

அன்றைக்கு வந்தவர்களில் தியாகராஜா என்று ஒருவர். ஐம்பதை நெருங்கிய ஆள், கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. மனைவியோடு காலையிலே பதுளைக்கு வந்து, கோயிலில் கும்பிட்டுவிட்டு இங்கே ஏறி வந்திருந்தார். அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றவர் நகரவில்லை. மனைவி அடுத்த அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார், அவர் அப்படியே நின்றார். நான் மூன்று எட்டுத் தள்ளி நின்றேன். பேசாமல் நிற்கிறவர் கையைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் படத்தைப் பார்த்தபடியே மனைவியிடம், "அம்மா" என்றார். சட்டைப் பையிலிருந்து வாழையிலைத் துண்டு ஒன்றை எடுத்தார். கோயிலில் கொடுத்த சந்தனமும் குங்குமமும் அதில் இருந்தன. மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டார். அந்த நேரத்தில் நான் ஓர் எட்டு வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. படத்திலிருந்த பெண்ணின் நெற்றியில் சந்தனத்தை அழுத்தி வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். இருவரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் வந்தது.

ஹெலன் மிஸ் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. அறைக்கதவைச் சாத்திவிட்டு, அவரை உட்காரவைத்து, ஏன் செய்தாய் என்று கேட்டார். தான் செய்தது குற்றம் என்பதே அப்போதுதான் தியாகராஜாவுக்கு உறைத்தது. கொஸ்லந்தைப் பக்கம் மலை சரிந்து லயத்து வீடுகளை மூடியது நாட்டுக்கே தெரியும். அவருடைய அம்மா சிவகாமி அப்போது வீட்டுக்குள் இருந்தார். உடல் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த போட்டோக்களும் மண்ணோடு போயின. யாரோ சொந்தக்காரர் கலியாணப் போட்டோ ஒன்றில் அம்மாவின் தோள் மட்டும் இருக்கிறதாம். கருமாதிக்குப் படம் இல்லாமல், ஒரு புதுச்சேலையை மடித்து வைத்து, அந்தச் சேலைக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டார்களாம். அம்மா கலியாணத்துக்கு முன்னால் இந்தத் தோட்டத்துப் பெண், இது அம்மாவின் படம்தான் என்று சொல்லி முடித்தார். மிஸ் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார், விலாசத்தை எழுதிக்கொண்டு அனுப்பிவைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா, பாக்கியம்?"

"பாத்தேன் மிஸ்."

"அப்ப ஏன் நடுவுல போகல?"

செத்தவர் படத்துக்குப் பொட்டு வைக்கிற கையைத் தட்டிவிட என்னால் முடியவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது சரி என்றா, தப்பு என்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படத்தை இருவரும் இறக்கி, மேசையில் கம்பளி விரித்துப் படுக்க வைத்தோம். முதலில் ஒன்றுமே செய்யக்கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும். நாலு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் போட்டுப் படம் பிடித்தோம். பிறகு மிஸ் பூனைமுடித் தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த குங்குமத்தைத் துகள் துகளாக ஒரு காகிதத்தில் தள்ளினார். அதற்கே ஒன்றரை மணி நேரம். அடியில் சந்தனம் ஈரமாக ஒட்டியிருந்தது. அதற்கு மருந்து என்ன தெரியுமா? எச்சில். மூங்கில் குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, அந்தப் பஞ்சை நெற்றியின் மேல் ஒரே ஓர் உருட்டு. தேய்க்கக் கூடாது. உருட்டிய பஞ்சை எறிந்துவிட்டு வேறு பஞ்சு. எச்சில் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக மிஸ் அந்த இரண்டு நாளும் வேலை முடியும்வரை தேத்தண்ணியைத் தொடவில்லை. தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு பச்சைத் தண்ணீர் குடித்தார்.

எனக்கு உடம்பு கூசியது. எங்கள் வீட்டில் எச்சில் பட்ட கோப்பையைக்கூடச் சாமிப் பக்கம் கொண்டுபோக மாட்டோம். இங்கே செத்தவளின் நெற்றிப் பொட்டை எச்சில் தொட்டு அழிக்கிறார்கள், குச்சிக்குப் பஞ்சு சுற்றிக் கொடுக்கிறவள் நான். ஆனாலும் சுற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு பஞ்சையும் மிஸ் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மஞ்சளும் சிவப்பும் வந்தால் தொடரலாம், முகத்தின் நிறமான மண்ணிறம் ஒரு சொட்டு வந்தாலும் நிறுத்திவிட வேண்டும். இரண்டாம் நாள் பிற்பகலில் ஒரு பஞ்சில் லேசாக மண்ணிறம் வந்தது. குச்சியைக் கீழே வைத்துவிட்டார். பயறளவுக்கு ஒரு மங்கிய மஞ்சள் நெற்றியில் மிஞ்சிவிட்டது. அது இருக்கட்டும், இதற்கு மேல் எடுத்தால் அவளையும் சேர்த்து எடுப்பேன் என்றார்.

திருப்பி மாட்டுமுன் பின்பக்கத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். படத்தைக் கவிழ்த்தோம். சட்டத்தின் உள்மூலையில் பென்சிலால் 147 என்று எழுதியிருந்தது. மிஸ் பழைய பட்டியலைப் புரட்டினார். "எண் 147, ஏதோ கண்காட்சி எண்ணாக இருக்கலாம்" என்று யாரோ எழுதிவைத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படித்தவர்கள் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள். அது கண்காட்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. அது பேர் நம்பர். தோட்டத்தில் வேலைக்குப் பதிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிடுவதும் அதைச் சொல்லித்தான், கொழுந்து நிறுக்கும்போது கூப்பிடுவதும் அதைச் சொல்லித்தான். என் அம்மா இருநூற்றுப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் நாங்கள் ஒருவரை ஒருவர் அம்மாவின் நம்பரைச் சொல்லித்தான் ஏசிக்கொள்வோம். தமிழ் தெரியாத ஓவியர், வரைந்து முடித்துவிட்டு, இவள் யார் என்று பக்கத்தில் நின்ற யாரிடமோ கேட்டிருப்பார். அவன் நம்பரைச் சொல்லியிருப்பான்.

இதற்கிடையில் மிஸ் கொழும்புக்குப் பேசி நடந்ததைச் சொல்லியிருந்தார். நிர்வாகக் குழுவின் தலைவர் பெரிய ஐயாவின் தம்பி மகன். காப்புறுதிக்காரர்கள் கேட்பார்கள், பொலிசில் முறைப்பாடு செய்தே ஆக வேண்டும், இலவச ஞாயிறையும் நிறுத்துங்கள் என்றார். மிஸ் விடவில்லை. கடைசியில் தலைவரே ஒரு வழி சொன்னார். உண்மையிலேயே அது அந்த மனிதரின் தாயார்தான் என்றால் விஷயம் வேறு, குடும்பத்தார் செலுத்திய அஞ்சலி என்று எழுதி முடித்துவிடலாம். இல்லையென்றால் முறைப்பாடு. ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். தியாகராஜா பொலிசுக்கு அலைவதா இல்லையா என்பது அந்த 147 யாருடைய நம்பர் என்பதில் வந்து நின்றது.

கணக்கு வழக்குப் பார்க்கிற தோட்டத்துக் கந்தோருக்குப் போனேன். பெரிய கிளாக்கர் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு மேலே படித்தவர். மேல்மாடியில் பழைய பேர்ப் புத்தகங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. படத்திலிருந்த வருடத்தின் புத்தகத்தைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டிப் புரட்டினேன். சிவகாமி இருந்தார், தோட்டத்தின் இரண்டாம் பிரிவில். நம்பர் 163. அதே பக்கத்தில் கொஞ்சம் மேலே 147. பெயர் மாரியாயி.

கந்தோரிலிருந்து பங்களாவுக்கு ஏறும் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், பொய் சொல்லத்தான் நினைத்தேன். அந்தப் புத்தகத்தை இனி யார் புரட்டப் போகிறார்கள்? கிளாக்கர் என் பின்னால் நின்று பார்க்கவும் இல்லை. 147 சிவகாமி என்று நான் சொன்னால் 147 சிவகாமிதான். பெற்றவளைப் பறிகொடுத்த ஒரு மனிதர் பொலிசில் போய் நிற்காமல் தப்புவார். ஆனால் பாதி வழியில் எனக்கு வேறு ஒரு நினைப்பு வந்தது. இத்தனை வருடம் அவளுக்குப் பெயரே இல்லாமல் மாட்டி வைத்திருந்தோம். இப்போது பெயர் கிடைத்திருக்கிறது, அதை நானே எடுத்து இன்னொருத்திக்குக் கொடுப்பதா? இருநூற்றுப் பன்னிரண்டின் மகள் அதைச் செய்யலாமா? அப்போது எனக்கு ஒரு வழி புலப்பட்டது. மீதிப் பாதையை வேகமாக நடந்தேன்.

மிஸ்ஸிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. "அப்ப அவன் மேல கேஸ் போடணும்" என்றார்.

"வேணாம் மிஸ். அறைக்காவலரின் கவனக்குறைவால் நடந்ததுன்னு அறிக்கையில எழுதுங்க. நம்ம விதிப் புத்தகத்துல ஏழாம் பிரிவு இருக்கே."

ஏழாம் பிரிவு மிஸ்ஸே எழுதியது. காவலர் அறையில் இருக்கும்போது படத்துக்கு என்ன நேர்ந்தாலும் அதற்குக் காவலரே பொறுப்பு, பார்க்க வந்தவரை இழுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. நான் இதைத் தியாகம் என்று சொல்லமாட்டேன். அது உண்மை. நான் ஓர் எட்டு வைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மிஸ் தட்டச்சு இயந்திரத்தை இழுத்து வைத்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இருபத்தெட்டு வருடத்தில் என் கோப்பில் இருக்கிற ஒரே கடிதம் அதுதான். முறைப்பாடு போகவில்லை, இலவச ஞாயிறும் நிற்கவில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேட்டேன், படத்தின் கீழே அவள் பெயரைப் போட வேண்டும் என்று. மிஸ் அன்றைக்கே அட்டையை மாற்றினார். மூன்று மொழியிலும் மாரியாயி.

அடுத்த இலவச ஞாயிறுக்கு தியாகராஜா வந்து அந்த அட்டையைப் படித்தால் என்ன ஆவார்? அதற்கு முன்னால் என் வாயால் கேட்கட்டும் என்று ஒருநாள் லீவு போட்டுக்கொண்டு கொஸ்லந்தைக்கு பஸ் ஏறினேன். பண்டாரவளையில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. புதிதாகக் கட்டிக் கொடுத்த வீட்டில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்தது, பொலிசு சமாச்சாரம் என்று நினைத்துவிட்டார். அது ஒன்றும் இல்லை, முடிந்துவிட்டது என்றேன். வாசலில் உட்காரக் கதிரை போட்டார். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"தம்பி, ஒன்னு சொல்லணும். மனச தைரியமா வச்சிக்குங்க. அந்தப் படத்துல இருக்கது உங்க அம்மா இல்ல."

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியுங்கக்கா."

"என்னா தெரியும்?"

"எங்க அம்மாவுக்கு நாடியில, வாய்க்குக் கீழ, ஒரு தழும்பு இருக்கும், சின்னப் புள்ளயில கவாத்துக் கத்தி பட்டது. படத்துல அது இல்ல. கிட்டப் போயி நின்னதுமே பாத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? இரண்டு நாள் எச்சில், ஒரு வாரம் தூக்கம் இல்லாமை, என் கோப்பில் ஒரு கடிதம். "தெரிஞ்சுமா வச்சீங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் குனிந்துகொண்டே பேசினார். "வருசா வருசம் சேலைக்குத்தாங்கக்கா பொட்டு வைக்கிறோம். சேலைக்கு நெத்தி எங்க இருக்கு? அன்னைக்கு நம்ம சனத்துல ஒரு முகம் நேரா பாத்துக்கிட்டு இருந்திச்சி. கை போயிருச்சி."

கொண்டுவந்ததை முழுக்கச் சொல்லிவிட்டுப் போவோம் என்று பேர்ப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவள் பெயர் மாரியாயி. உங்கள் அம்மாவும் அவளும் ஒரே கங்காணிக்குக் கீழே, ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். படம் வரைந்து மூன்று வருடத்தில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, மரணம் என்று எழுதியிருக்கிறது. உறவு என்ற இடத்தில் வெறும் கோடு.

"புள்ளைக இல்லையா அவங்களுக்கு?"

"யாருமே இல்ல போல."

"வேற படம் ஏதாச்சும்?"

"இது ஒன்னுதான் தம்பி."

அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்ப அந்தப் பொட்டு வீணாப் போகலைங்கக்கா" என்றார்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.